மல்லாட்டை மணிக்குள்ள இருக்கிற கணக்கு

எங்க பக்கம் வேர்க்கடலைன்னு யாரும் சொல்ல மாட்டாங்க. நிலக்கடலைன்னு வேளாண்மை ஆபீஸ் நோட்டீஸ்ல வரும், அதோட சரி. விழுப்புரம், கடலூர், திருவண்ணாமலை மூணு ஜில்லாவிலும் அது மல்லாட்டைதான். சென்னையில பிறந்து வளர்ந்த எங்க உறவுக்காரப் பிள்ளைகளே அது என்ன பயிர்னு கேக்குதுங்க. மணிலாக் கொட்டைதான் வாயில தேய்ஞ்சு மல்லாக்கொட்டை ஆகி, மல்லாட்டை ஆச்சு. இன்னிக்கும் கமிட்டியில விலைப் பலகையில 'மணிலா'ன்னுதான் எழுதுவாங்க. பிலிப்பைன்ஸ் நாட்டுத் தலைநகரத்துப் பேரை எங்க ஊர் ஆயாக்கள் தினமும் நாலு தடவை சொல்லிக்கிட்டு இருந்தாங்க, அது ஒரு ஊர்னே தெரியாம.

பயிர் பிறந்தது மணிலாவிலயும் இல்ல. தென் அமெரிக்காவில, இன்னிக்கு பொலிவியாவும் அர்ஜென்டினாவும் சேர்ற பக்கம். ரெண்டு காட்டுச் செடி தற்செயலா கலந்து உண்டான செடி இது. பெரு நாட்டில சிபான்ங்கிற ஊர்ல 1987-ல ஒரு பழைய ராஜா கல்லறையைத் தோண்டினாங்க. அதுல தங்கத்திலயும் வெள்ளியிலயும் செஞ்ச மல்லாட்டைக் காயைக் கோத்த மாலை இருந்துச்சு. ஓட்டு மேல இருக்கிற வரி முதக்கொண்டு அச்சு அசலா இருக்கும். படத்துல பார்த்துட்டு என் வீட்டுக்காரிகிட்ட காட்டினேன். "நாம கமிட்டிக்குத் தூக்கிட்டுப் போறதை அவங்க கழுத்துல போட்டிருக்காங்க பாரு"ன்னா. அங்கிருந்து போர்ச்சுக்கீசியர் கப்பல்ல ஆப்பிரிக்காவுக்கு ஒரு கிளை போச்சு. ஸ்பெயின்காரங்க கப்பல்ல மெக்சிகோவின் அகாபுல்கோ துறைமுகம் வழியா மணிலாவுக்கு இன்னொரு கிளை போச்சு. நம்மகிட்ட தங்கின பேர் ரெண்டாவது வழியோடது.

அப்போ மல்லாட்டைக்கு முன்னால நம்ம ஜனங்க எந்த எண்ணெயில சமைச்சாங்க, எதுல விளக்கு ஏத்தினாங்க? எண்ணெய்ங்கிற வார்த்தையே பதில் சொல்லுது. எள்ளோட நெய், எண்ணெய். எள்ளு ரொம்பப் பழசு. ஹரப்பாவிலயே கருகின எள்ளு கிடைச்சிருக்கு. தலைக்கும் சமையலுக்கும் எள்ளு, விளக்குக்கு ஆமணக்கு. அதனாலதான் இன்னும் அதுக்கு விளக்கெண்ணெய்னே பேர். கோயில்ல இலுப்பை எண்ணெய், பெரிய கோயில்னா நெய். சோழர் காலத்துக் கல்வெட்டுல நந்தா விளக்குக்குன்னு 96 ஆடு, 90 ஆடு கொடுத்த கணக்கு ஏகப்பட்டது இருக்கு. ஆட்டை வாங்கினவன் தினமும் ஒரு உழக்கு நெய் அளக்கணும். சாகாத மூவாத ஆடுன்னு எழுதியிருப்பாங்க, கிழடு போனா குட்டி அந்த இடத்துக்கு வந்துடும்ங்கிற கணக்கு. செக்குக்கு வரி இருந்துச்சு, செக்கிறைன்னு. ஆக, ஒரு விளக்கு எரிய ஒரு மந்தை தேவைப்பட்ட காலம் அது. கொழுப்பு அவ்வளவு அரிதான சாமான். இப்போ பஜ்ஜி போட்டுட்டு மீதியைச் சாக்கடையில ஊத்துறோம்.

சரி, செடிக்கு எதுக்கு எண்ணெய்? நமக்காகவா வைக்குது?

என் அக்கா மக விவசாயக் கல்லூரியில படிச்சவ. அவளோட பாடப் புத்தகத்தை வாங்கி மூணு மாசம் வெச்சிருந்தேன். நான் பத்தாவதுதான். இங்கிலீஷ் புத்தகம், முக்கி முக்கித்தான் படிச்சேன். புரியாததுக்கு அவளைக் கூப்பிடுவேன், "மாமா, நீங்க பரீட்சையா எழுதப் போறீங்க?"ன்னு சிரிச்சுக்கிட்டே சொல்லுவா. அவ சொன்னதுல எனக்குப் பிடிச்சது இது. விதைங்கிறது கட்டுச்சோறு. முளைச்சு, மண்ணைத் தள்ளி, முதல் இலை வெயில் பார்க்கிற வரைக்கும் குழந்தைக்கு அதுதான் சாப்பாடு. நெல்லு அந்தக் கட்டுச்சோத்தை மாவா கட்டுது. மல்லாட்டை, எள்ளு, ஆமணக்கு எல்லாம் எண்ணெயா கட்டுது. ஒரு கிராம் மாவுல சுமார் 4 கலோரி, ஒரு கிராம் எண்ணெயில 9. எண்ணெய் தண்ணியையும் சேர்த்துக்காது. அதனால ஒரே எடையில ரெண்டு மடங்குக்கு மேல சாப்பாட்டைக் கட்டிக்கலாம். எள்ளு எத்தினி சின்னது பாருங்க, அதுல பாதி எண்ணெய். மல்லாட்டைப் பருப்புல நூத்துக்கு 48, 50. ஆமணக்கும் பாதி. நெல்லுலயும் எண்ணெய் இருக்கு, ஆனா எல்லாம் தவிட்டுல.

இந்த எண்ணெய் மணிக்குள்ள சும்மா குளமா நிக்கிறதில்ல. கண்ணுக்குத் தெரியாத சின்னச் சின்னத் துளியா இருக்கு, ஒவ்வொரு துளியைச் சுத்தியும் ஒரு புரதப் போர்வை. ஓலியோசின்னு பேர் சொல்றாங்க. அந்தப் போர்வை இல்லேன்னா விதை காயும்போது துளியெல்லாம் ஒண்ணோட ஒண்ணு கூடிப் பெரிய உருண்டை ஆயிடும், முளைக்கும்போது கரைச்சு எடுக்க முடியாது. செக்குல உலக்கை செய்யறது இந்தப் போர்வையைக் கிழிக்கிற வேலைதான். வாணியச் செட்டியார் மாவு அரைபட்டதும் கொஞ்சம் தண்ணி தெளிப்பார், உடனே எண்ணெய் கக்க ஆரம்பிக்கும்.

வயல்ல நின்னு பார்த்தவங்களுக்கு எண்ணெய் சேர்றது வாயிலயே தெரியும். மல்லாட்டை பூக்கிறது மேல, காய்க்கிறது கீழ. மஞ்சப் பூ காலையில விரியும், அன்னிக்கே வாடிடும். அப்புறம் அந்த இடத்துல இருந்து ஊசி மாதிரி ஒண்ணு கீழ இறங்கும். மண்ணைக் குத்தி உள்ள போய் படுத்துக்கிட்டுத்தான் காய் பிடிக்கும். மண்ணு பொலபொலன்னு இல்லேன்னா ஊசி நட்டுக்கிட்டு நின்னுடும். 40, 45-ஆம் நாள்ல ஜிப்சம் போட்டு மண் அணைக்கிறது அதுக்குத்தான். காய்க்கு வேண்டிய சுண்ணாம்புச் சத்தை வேர் மேல அனுப்பி, இலை கீழ அனுப்புற வேலை நடக்காது. காயே தன் ஓட்டு வழியா பக்கத்து மண்ணுல இருந்து எடுத்துக்கணும். 60, 65 நாள்ல ஒரு காயைப் பிடுங்கி உடைச்சா உள்ள வெள்ளையா, தண்ணியா, சர்க்கரை மாதிரி இனிக்கும். இலையில செஞ்ச சர்க்கரை அப்படியே வந்து இறங்கியிருக்கு, இன்னும் எண்ணெயா மாறல. பத்து இருபது நாள் போகப் போக இனிப்பு குறையும், மணி கெட்டியாகும், நகத்தால கீறினா விரல் பளபளக்கும். சர்க்கரையை உடைச்சுக் கொழுப்பமிலம் ஆக்கி, மூணு மூணா கிளிசரால்ல கட்டி அடுக்குது செடி. முடிஞ்சதா இல்லையான்னு பார்க்க எங்க ஊர்ல ஓட்டோட உள்பக்கத்தைப் பார்ப்போம். கறுத்திருந்தா முத்திடுச்சு. வெள்ளையா இருந்தா இன்னும் அடுக்கிக்கிட்டு இருக்கு, விட்டுடு.

இதே எண்ணெய்க்காகத்தான் பிரெஞ்சுக்காரன் எங்க ஜில்லாவுக்கே ஒரு உருவம் கொடுத்தான். பிரான்ஸ்ல மார்செய்ங்கிற துறைமுகம் சோப்புக்குப் பேர் போன ஊர். முதல்ல ஆலிவ் எண்ணெயில செஞ்சாங்க. பத்தொன்பதாம் நூற்றாண்டுல ஆலை பெருகினதும் ஆலிவ் கட்டுப்படியாகல. 1840-கள்ல இருந்து ஆப்பிரிக்காவோட செனகல்ல இருந்து மல்லாட்டையைக் கப்பல் கப்பலா இறக்கினாங்க. அடுத்தது பாண்டிச்சேரி. பாண்டிச்சேரி அவங்க கையில, சுத்தி இருக்கிற தென்னாற்காடு வெள்ளைக்காரன் கையில. செம்மண்ணும் மணலும் கலந்த மானாவாரி பூமி, கம்பும் வரகும் விளைஞ்ச காடு. அங்க மல்லாட்டை விதைச்சா கையில காசு வரும்னு ஆச்சு. 1879-ல விழுப்புரத்துல இருந்து பாண்டிச்சேரிக்கு ரயில் விட்டாங்க. பண்ருட்டி, விழுப்புரம், திண்டிவனம் எல்லாம் மல்லாட்டை மண்டியா வளர்ந்தது இந்த வழியிலதான். எங்க ஊர் கிழவர் யாருக்கும் மார்செய் எந்தத் திசையில இருக்குன்னு தெரிஞ்சிருக்காது. ஆனா அங்க சோப்பு விலை இறங்கினா இங்க பொண்ணு கல்யாணம் தள்ளிப் போகும்.

அந்தக் கப்பல் வியாபாரத்துல ஒரு கதை இருக்கு, எண்ணெயோட குணம் புரிய அது ஒண்ணு போதும். மல்லாட்டையைக் கையால உடைக்கிறது கஷ்டம்னு காயைத் தண்ணியில நனைச்சு, ஓடு இளகினதும் உடைச்சு மூட்டை கட்டினாங்க. எடையும் கொஞ்சம் கூடும், அது ரகசியம். கப்பல்ல வாரக்கணக்கா போய் மார்செய்ல திறந்தா காரல் நாத்தம். காரணம் என்னன்னா, தண்ணி பட்டதும் விதை முளைக்கிற நேரம் வந்துடுச்சுன்னு நினைச்சுக்குது. எண்ணெயை உடைக்கிற நொதி எழுந்துக்கும். கட்டி வெச்சதெல்லாம் பிரிஞ்சு தனிக் கொழுப்பமிலம் ஆகி எண்ணெய் புளிச்சுப் போகும். முளைக்க மண்ணும் இல்ல, வெயிலும் இல்ல, மூட்டைக்குள்ள வெந்து செத்துப் போகும். அதனால நம்ம சரக்குக்கு அங்க விலை குறைச்சல். அப்புறம் நனைக்காம உடைக்கிற மெஷின் வந்தப்புறம்தான் மதிப்பு ஏறிச்சு. இப்பவும் ஈரக்காயை மூட்டை பிடிக்கிறவங்களைப் பார்த்தா எனக்கு மார்செய் ஞாபகம்தான் வரும்.

1890-கள்ல இங்க மல்லாட்டை படுத்துடுச்சு. இலையில டிக்காப் புள்ளி விழுந்து கொட்டிப் போச்சு, விதையும் தேய்ஞ்சு போச்சு. மொரீசியஸ் தீவுல இருந்து புது விதை இறக்கினதும்தான் திரும்ப எழுந்துச்சு. அது கொடி மல்லாட்டை, தரையோட படரும், நாள் அதிகம். 1905-ல கடலூர் பக்கத்துப் பாலூர்ல அரசாங்கப் பண்ணை வந்துச்சு. 1930-கள்ல திண்டிவனத்துல எண்ணெய் வித்துக்குன்னே ஆராய்ச்சிப் பண்ணை. டி.எம்.வி.ன்னு ரகத்துக்கு முன்னால வருதே, அது திண்டிவனம்தான். 1940-ல வெளிவந்த டி.எம்.வி. 2 குடியாத்தம் கொத்து மல்லாட்டையில இருந்து பொறுக்கி எடுத்தது. 105 நாள் பயிர். ஒரு ரகம் இத்தினி வருஷம் உழவன் கையில நின்னது பெரிய விஷயம். எங்க அப்பா விதைச்சது அதுதான், கர்நாடகா ஆந்திரா வரைக்கும் போச்சு.

கொடிக்கும் கொத்துக்கும் ஒரு வித்தியாசம் உண்டு. கொடி மல்லாட்டை விதைக்கு உறக்கம் உண்டு. பிடுங்குற நேரத்துல மழை பிடிச்சாலும் உடனே முளைக்காது. கொத்து மல்லாட்டைக்கு அந்த உறக்கம் இல்ல. ஐப்பசியில நாலு நாள் விடாம பெய்ஞ்சா செடியிலயே, மண்ணுக்குள்ளயே முளை விட்டுடும். சீக்கிரம் விளையணும்னு நாம கேட்டோம், அதோட இதுவும் சேர்ந்து வந்துச்சு.

முளைச்ச மல்லாட்டையைச் சாப்பிட்டிருக்கீங்களா? சின்ன வயசுல பொறுக்கித் தின்போம். எண்ணெய்ப் பசை இல்லாம இனிக்கும். எண்ணெய் திரும்பச் சர்க்கரை ஆயிருக்கு. இது சாதாரண விஷயம் இல்லீங்க. நம்ம உடம்புல தொப்பையா கிடக்கிற கொழுப்பை எரிக்கலாம், ஆனா அந்தக் கொழுப்பமிலத்தைச் சர்க்கரையா திருப்ப நம்மால முடியாது. மாட்டாலயும் முடியாது. செடியால முடியும். ஜெர்மன்காரர் யூலியஸ் சாக்ஸ் பத்தொன்பதாம் நூற்றாண்டு நடுவுலயே எண்ணெய் விதை முளைக்கும்போது மாவும் சர்க்கரையும் தோணுறதைப் பார்த்து எழுதிட்டார். எப்படின்னு தெரிய நூறு வருஷம் ஆச்சு. 1957-ல ஹான்ஸ் கோர்ன்பெர்க், ஹாரி பீவர்ஸ்னு ரெண்டு பேர் கண்டுபிடிச்சாங்க. எந்த விதையை வெச்சுன்னு நினைக்கிறீங்க? நம்ம கொட்டைமுத்து, ஆமணக்கு. பின்னால 1967-ல பீவர்ஸும் அவர் கூட இருந்தவரும் அதே ஆமணக்குக்குள்ள இந்த வேலை நடக்கிற சின்னப் பட்டறையையே தனியா பிரிச்சு எடுத்துக் காட்டினாங்க. கிளையாக்ஸிசோம்னு பேர் வெச்சாங்க. துளித்துளியா இருந்த எண்ணெய் அந்தப் பட்டறைக்குப் போய், துண்டு துண்டா நறுக்கப்பட்டு, சர்க்கரையா வெளிய வந்து வேருக்கும் தண்டுக்கும் போகுது. பச்சை இலை விரிஞ்சதும் பட்டறையை மூடிடும்.

வேலி ஓரம் நாய்க்கும் நரிக்கும் நிக்கிற ஆமணக்கு இது. முதல் உலகப் போர்ல ஏரோப்ளேன் எஞ்சினுக்கு இதோட எண்ணெயைத்தான் ஊத்தினாங்க. மத்த எண்ணெய் பெட்ரோல்ல கரைஞ்சிடும், இது லேசுல கரையாது. பறக்கிறவன் அந்தப் புகையைக் குடிச்சு வயித்தால போச்சுன்னும் எழுதி வெச்சிருக்காங்க. நம்ம ஆயா ஆறு மாசத்துக்கு ஒரு தடவை மூக்கைப் பிடிச்சு ஊத்தினது ஞாபகம் வருதா?

இப்போ ஒரு பெரிய கூத்து சொல்றேன். ரெண்டாம் உலகப் போர் முடிஞ்சதும் இங்கிலாந்துல எண்ணெய்க்கும் கொழுப்புக்கும் பஞ்சம். ரேஷன். அப்போ ஒரு யோசனை வந்துச்சு, ஆப்பிரிக்காவுல தங்கனீக்காவில, இன்னிக்கு டான்சானியா, மல்லாட்டை போட்டா என்ன? ஒரு ஏக்கர் ரெண்டு ஏக்கர் இல்ல. 32 லட்சம் ஏக்கர்! 1947-ல ஆரம்பிச்சாங்க. கொங்வாங்கிற இடம். டிராக்டர் கிடைக்கலன்னு போர்ல ஓட்டின ஷெர்மன் டாங்கியைக் கழட்டி டிராக்டர் ஆக்கினாங்க. புதர்க்காட்டு வேரு இரும்பு மாதிரி, கலப்பை கலப்பையா உடைஞ்சுது. மழை அளவை ஒழுங்கா பார்க்கல. மண்ணு களிமண்ணு, மழை நின்னு காய்ஞ்சதும் செங்கல். விளைஞ்ச கொஞ்ச நஞ்சக் காயும் உள்ள மாட்டிக்கிச்சு, பிடுங்கினா செடி வந்துச்சு காய் வரல. 1951-ல கடையைக் கட்டினாங்க. 3 கோடியே 60 லட்சம் பவுண்டு நஷ்டம்னு எழுதித் தள்ளினாங்க. விதைக்குன்னு இறக்கினதுல பாதிதான் அறுவடையா திரும்பக் கிடைச்சுது.

இதைப் படிச்சப்போ எனக்குச் சிரிப்பு வரல, கோபம்தான் வந்துச்சு. களிமண்ணுல மல்லாட்டை போடக்கூடாதுன்னு எங்க ஊர்ல ஆடு மேய்க்கிற பையனுக்குத் தெரியும். ஊசி இறங்கணும், பிடுங்கினா உதிராம வரணும், அவ்வளவுதான். அந்த மண்ணுல வாழ்ந்த ஜனங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டிருந்தா சொல்லியிருப்பாங்க. லண்டன்ல உட்கார்ந்து ஏக்கரைப் பெருக்கிக் கணக்குப் போட்டவங்களுக்கு எண்ணெய் டன் டன்னா தெரிஞ்சுது, ஊசி தெரியல.

செடிக்குக் கஷ்டம் வரும்போது எண்ணெய் என்ன ஆகுதுங்கிறது தனிக் கதை. விதைக்குள்ள இருக்கிறது மட்டும்தான் எண்ணெய்னு நினைக்காதீங்க. இலை மேல மெழுகா இருக்கிறதும் கொழுப்புதான், காய்ச்சல்ல அதைத் தடிமனாக்கிக்கும். ஒவ்வொரு செல்லைச் சுத்தியும் இருக்கிற சவ்வும் கொழுப்புதான். மார்கழிக் குளிர்ல தேங்காயெண்ணெய் உறைஞ்சு கிடக்கும், பக்கத்துல மல்லாட்டை எண்ணெய் ஓடிக்கிட்டு இருக்கும், பார்த்திருப்பீங்க. கொழுப்போட சங்கிலி நேரா இருந்தா உறையும், வளைஞ்சு இருந்தா உறையாது. குளிர் வந்தா செடி தன்னோட சவ்வுல வளைஞ்ச கொழுப்பைக் கூட்டிக்கும், இல்லேன்னா சவ்வு விறைச்சுப் போகும். சூடு வந்தா திருப்பி மாத்திக்கும். மணி முத்தும்போது வெயில் நல்லா இருந்தா மல்லாட்டை எண்ணெயில ஒலியிக் அமிலம் கூடுதலா இருக்கிறதும் இந்தக் கணக்குதான். மண்ணுல மணிச்சத்து இல்லேன்னா சவ்வுல இருக்கிற பாஸ்பரஸ் கொழுப்பைக் கழட்டி அவசர வேலைக்கு அனுப்பிட்டு, அந்த இடத்துல சர்க்கரை சேர்ந்த கொழுப்பை வெச்சு அடைக்குது. கல்யாணச் செலவுக்கு வெண்கல அண்டாவை அடகு வெச்சுட்டு அலுமினியப் பாத்திரத்துல தண்ணி பிடிக்கிற குடும்பம் மாதிரி.

தண்ணி இல்லாம இலை தவிக்கும்போது மல்லாட்டை முதல்ல இலையை மடிச்சுக்கும், கை கூப்பின மாதிரி. அதுக்கும் மேல போனா சவ்வு உடையும். உடைஞ்ச கொழுப்பமிலம் தனியா சுத்தினா செல்லுக்கு விஷம். அதனால அதைப் பிடிச்சு இலைக்குள்ளயே எண்ணெய்த் துளியா கட்டி ஓரமா வைக்குது. மழை பெய்ஞ்சா அதையே எடுத்துச் சவ்வைத் திரும்பத் தைச்சுக்கும். கம்பளிப்புழு கடிச்சாலும் கொழுப்புதான் சேதி சொல்லுது. சவ்வுல இருந்து ஒரு கொழுப்பமிலத்தை எடுத்து ஜாஸ்மோனிக் அமிலம்னு ஒண்ணு செய்யும், அது மத்த இலையை எச்சரிக்கும். இந்தப் பேரு மல்லிகைக் குடும்பத்துல இருந்து வந்துச்சு. 1962-ல சாதிமல்லிப் பூவோட வாசனை எண்ணெயில இதுக்குச் சொந்தக்கார வஸ்துவைக் கண்டாங்க, அப்போ வாசனைன்னு மட்டும்தான் நினைச்சாங்க.

ஆனா மணி முத்துற கடைசி மாசத்துல வானம் கைவிட்டா செடியோட சாமர்த்தியம் செல்லாது. இலையில சர்க்கரை இல்ல, மணிக்கு என்ன அனுப்பும்? மணி சுருங்கி, எண்ணெய் குறைஞ்சு போகும். அதுக்கு மேல பூசணம். சூடான காய்ஞ்ச மண்ணுல காய் வெடிக்கும், மஞ்சப் பச்சைப் பூசணம் உள்ள போகும். 1960-ல இங்கிலாந்துல ஒரு லட்சம் வான்கோழி கொத்துக் கொத்தா செத்துச்சு. பிரேசில்ல இருந்து வந்த மல்லாட்டைப் பிண்ணாக்குல இருந்த இந்தப் பூசண விஷம்தான் காரணம்னு தெரிஞ்சுது. அஃப்ளாடாக்ஸின். அதுக்கப்புறம் ஏற்றுமதி ஆகுற ஒவ்வொரு மூட்டைக்கும் பரிசோதனை. கடைசித் தண்ணி ஒண்ணு கொடுக்க முடியாத மானாவாரிக்காரனுக்குத்தான் இதுல அடி அதிகம்.

நம்ம நாட்டுக்குள்ள மல்லாட்டை எண்ணெயோட வாழ்க்கையை மாத்தினது டால்டா. திரவ எண்ணெய்க்குள்ள ஹைட்ரஜனைச் செலுத்தினா வளைஞ்ச சங்கிலி நேராகி நெய் மாதிரி உறையும்னு 1902-லயே ஜெர்மனியில காப்புரிமை வாங்கிட்டாங்க. 1937-ல டால்டா நம்ம கடைக்கு வந்துச்சு. ரொம்ப காலம் அதுக்கு மூலப்பொருள் பெரும்பாலும் நம்ம மல்லாட்டை எண்ணெய்தான். செடி குளிருக்குச் செய்யறதை ஆலைக்காரன் தலைகீழா செஞ்சான். அந்த மஞ்ச டப்பாவுல எங்க ஆயா கறிவேப்பிலைச் செடி வெச்சிருந்தாங்க.

1986-ல எண்ணெய் வித்துக்குன்னு மத்திய அரசு இயக்கம் ஆரம்பிச்சுது. அடுத்த சில வருஷம் நல்லா இருந்துச்சு, நாடு கிட்டத்தட்ட தன் எண்ணெயிலயே சமைச்சுது. 1994-ல பாமாயில் இறக்குமதியைத் திறந்து விட்டாங்க. இன்னிக்கு நாம திங்கிற எண்ணெயில பாதிக்கு மேல வெளிநாட்டுது. ரேஷன்ல பாமாயில் லிட்டர் 25 ரூபாய். ஏழை வீட்டுல அடுப்பெரிய அது வேணும், அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனா எங்க ஊர் வயல்ல விளைஞ்ச மல்லாட்டையை வித்துட்டு, அதே காசுல மலேசியா எண்ணெய் வாங்கி வர்ற கூத்தை என்னன்னு சொல்றது? எங்க ஊர்ல ரெண்டு செக்கு இருந்துச்சு. ஒண்ணோட கல்லு கோயில் பக்கத்துல கவுந்து கிடக்கு, பசங்க உட்கார்ந்து போன் பார்க்குதுங்க. இன்னொண்ணு எங்க போச்சுன்னு தெரியல. மல்லாட்டை போட்ட காட்டுல பாதி இப்போ சவுக்கு, கொஞ்சம் மனை. பிடுங்கவும் ஆயவும் ஆள் இல்லங்கிறதுதான் எல்லாரும் சொல்ற காரணம். உண்மைதான். நகரத்துல மரச்செக்கு எண்ணெய்னு இப்போ தேடி வாங்குறீங்க, சந்தோஷம். அதுல மல்லாட்டை எந்த ஊருதுன்னும் ஒரு வார்த்தை கேளுங்க.

ஊர்ல இன்னும் மல்லாட்டை போடுறவங்க எங்களோட சேர்த்து ஒன்பது வீடு. இதுல விதைதான் இப்போ பெரிய பிரச்சனை. எண்ணெய் விதை நெல்லு மாதிரி காத்துக்கிட்டு இருக்காது. காத்து படப்பட எண்ணெய் காரலாகும், முளைப்பு செத்துடும். காயோட இருந்தா ஏழெட்டு மாசம் தாங்கும், உடைச்ச பருப்பு அத்தினி நாள் தாங்காது. அதனாலதான் மார்கழியில கிணத்துத் தண்ணியில போட்டுப் பங்குனியில பிடுங்கின காயை ஆடிப் பட்டத்துக்கு வைப்போம். மூணு நாலு மாசம்தான் இடைவெளி. கிணறு வத்தி மார்கழிப் பட்டம் விட்டுப் போன வீட்டுக்கு ஆடியில சொந்த விதை கிடையாது. ஏக்கருக்கு 50, 55 கிலோ பருப்பு வேணும். வெளிய வாங்கினா அங்கயே முதல் பாதி போயிடும். அப்படித்தான் ஒவ்வொரு வீடா விட்டாங்க, மழைக்குப் பயந்து இல்ல.

இந்த வருஷம் எங்க கிணத்துல தண்ணி நின்னுச்சு. ஒண்ணரை ஏக்கர் போட்டேன், வேப்பந்தழை போட்டு பதினோரு மூட்டை காயா கட்டி அறையில வெச்சிருக்கேன். கமிட்டியில 80 கிலோ மூட்டைக்கு நல்ல விலை போகுதுன்னு வியாபாரி ரெண்டு தடவை வந்து கேட்டாச்சு. நாலு மூட்டை எனக்கு விதைக்கு. மீதி ஏழும் விதை இல்லாத அஞ்சு வீட்டுக்குன்னு சொல்லி வெச்சிருக்கேன், விளைஞ்சதும் காய்க்குக் காய் திருப்பிக் கொடுக்கணும், வட்டியா மரக்கா ஒண்ணு கூட. எங்க தாத்தா காலத்து வழக்கம் அது. ஆனி கடைசியில உடைக்க உட்காரணும். மெஷின்ல உடைச்சா சிவப்புத் தோல் கிழியும், கிழிஞ்ச விதையில காத்தும் பூசணமும் முதல்ல பூந்துடும், கையாலதான். தெருவுல நாலு பொம்பளைங்க வர்றேன்னு சொல்லியிருக்காங்க, படிக்கு இவ்வளவுன்னு கூலி பேசியாச்சு.